போகிறேன் என்றால்தான் மரியாதையா?

சிக்னல் இல்லை என்று கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழுக்கு இதை அழுத்து, ரீசார்ஜுக்கு அதை அழுத்து, புது ஆஃபருக்கு இன்னொன்றை அழுத்து. மனிதக் குரல் கேட்பதற்குள் பொறுமை போய்விடும். அதே ஆள், எண்ணை வைத்துக்கொண்டே வேறு நிறுவனத்துக்கு மாற, அதே போனிலிருந்து, ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, தன் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பட்டும். பொழுது சாய்வதற்குள் நிறுவனமே கூப்பிடும். நல்ல தமிழில், நிதானமாக, பெயரைச் சொல்லிக் கூப்பிடும். என்ன குறை, ஏன் போகிறீர்கள், உங்களுக்கென்று ஒரு தனி ஆஃபர் இருக்கிறதே என்று கேட்கும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இந்த மரியாதையும் இந்தக் குறைந்த விலையும் நேற்றுவரை எங்கே இருந்தன? வருஷக்கணக்காக மாதம் தவறாமல் காசு கட்டியவருக்கு ஒரு விலை, கிளம்புகிறேன் என்றவருக்கு வேறு விலை. கிளம்பத் தெரிந்தவர் எப்படியோ பிழைத்துக்கொள்கிறார். 1900 என்ற எண்ணையே கேள்விப்படாதவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? என் அம்மா அப்படி ஒருவர்.

அம்மா வத்தலகுண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். கையில் இருப்பது பட்டன் போன். அந்த எண் அப்பா இருந்தபோது வாங்கியது. பேங்க் பாஸ்புக், ஆதார், கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அதுதான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டது என்று பேங்கிலிருந்து எஸ்எம்எஸ் வருவதும் அதற்குத்தான். மாட்டு டாக்டரும் மோட்டார் மெக்கானிக்கும் பால் சொசைட்டிக்காரரும் அந்த எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். வேறு சிம் வாங்கிப் போட்டுவிடலாமே என்று நகரத்தில் இருப்பவர் சுலபமாகச் சொல்லிவிடுவார். அந்த எண்ணை விட்டால் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி மாற்ற வேண்டும், அதுவும் எழுபதை நெருங்குகிற ஒருவர்.

போன வருஷம் அம்மா வீட்டுக்குள் சிக்னல் மெல்ல மெல்லக் குறைந்தது. அடுப்படியில் சுத்தமாக இல்லை. திண்ணைக்கு வந்தால் ஒரு கோடு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனால் இரண்டு. ராத்திரி நான் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொல்லும். தனியாக இருக்கும் தாயைப் பற்றி அந்த வாக்கியத்தை ராத்திரி பத்து மணிக்குக் கேட்பது எப்படி இருக்கும் என்று, கேட்டவர்களுக்குத் தெரியும். பேங்கில் ஓடிபி கேட்பார்கள். அது அம்மா வீடு திரும்பிய பிறகு, கொட்டகைப் பக்கம் போகும்போது வந்து விழும்.

198க்குப் புகார் சொன்னோம். சேவைக் குறைகளுக்கென்றே, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஏற்படுத்திய கட்டணமில்லா எண் அது. எல்லா நிறுவனத்துக்கும் அதே எண்தான். புகாரைப் பதிவுசெய்து ஒரு டாக்கெட் நம்பர் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். மறுநாளே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது. யாரும் வரவில்லை, ஊரில் எதையும் தொடவில்லை. மறுபடி சொன்னோம், மறுபடியும் தீர்க்கப்பட்டது.

"ஏத்தா, ஒருத்தரும் வந்து பாக்கலயே, எதத் தீத்தாங்களாம்?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குறை இருப்பதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். மலையடிவாரத்து ஊர், டவர் வைப்பதில் சிரமம் இருக்கலாம். இருக்கிற குறையை இல்லை என்று எழுதி மூடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பெயர் பொய்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் அலுத்து விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். புகார் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம், காசு கிடையாது, டாக்கெட் நம்பர் மட்டும் வேண்டும். முடிவு சொல்ல அவருக்கு 39 நாள் கெடு. ட்ராய் தனித்தனி ஆட்களின் புகாரை விசாரிக்காது, அதனால் அங்கே எழுதிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. பழைய தந்திச் சட்டத்தைக் காட்டி நிறுவனங்கள் அங்கே வராமல் தப்பித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. செல்போன் சேவையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பது இப்போது தெளிவான சட்டம்.

நாங்கள் மேல்முறையீடும் போட்டோம், போர்ட் செய்வதென்றும் முடிவெடுத்தோம்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை நமக்கு வந்தது அப்படியொன்றும் பழைய காலத்தில் இல்லை. 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்தது. அப்போதும் நம் தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டும்தான். சென்னை எண்ணோடு பெங்களூருக்குக் குடிபோனவர் அங்கே அதே எண்ணில் வேறு நிறுவனத்துக்குப் போக 2015 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 டிசம்பரில் இன்னொரு நல்ல மாற்றம் வந்தது. முன்பெல்லாம் 1900க்கு அனுப்பியதும் போர்ட் செய்வதற்கான எட்டு எழுத்துக் குறியீடு உடனே வந்துவிடும், கடையில் கொடுத்துச் சில நாள் கழித்து ஏதோ காரணம் சொல்லித் தள்ளுபடி செய்வார்கள். இப்போது தகுதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டுத்தான் குறியீடு வருகிறது. தகுதி இல்லையென்றால் காரணம் எஸ்எம்எஸ்ஸில் வரும். ஒரே வட்டத்துக்குள் என்றால் மூன்று வேலை நாள், வட்டம் விட்டு வட்டம் என்றால் ஐந்து. காரணமில்லாமல் கோரிக்கையை நிராகரித்தால் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை நிறுவனத்துக்கு அபராதம் போடவும் விதி இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் நமக்குச் சாதகமான ஏற்பாடு.

அம்மா விஷயத்தில் சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. எண் அப்பா பெயரில் இருந்தது. அப்பா இறந்து சில வருஷமாகிறது.

நம் ஊர்களில் இது எத்தனை வீட்டில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கணவர் பெயரில், மகன் பெயரில், சில சமயம் கடைக்காரர் கைக்குக் கிடைத்த ஏதோ அட்டையில் சிம் வாங்கினோம். பேசுவது அம்மா, காகிதத்தில் இருப்பது அப்பா. அவர் போய்ச் சேர்ந்தாலும் ரீசார்ஜ் நடக்கிறவரை யாரும் கேட்பதில்லை. ஆனால் பெயர் மாற்றக் கோரிக்கை நிலுவையில் இருந்தால் போர்ட் நடக்காது. பெயரை மாற்றாமல் போர்ட் செய்தால் எண் இறந்தவர் பெயரிலேயே இருக்கும். டவுனில் ஒரு கடைக்காரர், "யார் பேருல இருந்தா என்னக்கா, எங்கிட்ட குடுங்க, போட்டுடுறேன்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேங்கும் ஆதாரும் தொங்குகிற ஒரு எண் வேறொருவர் பெயரில் இருக்கக் கூடாது. நாளைக்கு சிம் தொலைந்தால், அது என் எண் என்று சொல்லும் உரிமை அம்மாவுக்கு வேண்டும்.

அதனால் முதலில் பெயர் மாற்றம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் நகல், எனக்கும் தம்பிக்கும் ஆட்சேபணை இல்லை என்று கடிதம், அம்மாவின் ஆதார். இதற்கு நிறுவனத்தின் சொந்த ஷோரூமுக்கே போக வேண்டும், தெருமுனைக் கடையில் ஆகாது. அங்கே அம்மாவின் கைரேகை இயந்திரத்தில் விழவில்லை. களை பறித்து, மாட்டுக்குத் தட்டை வெட்டித் தேய்ந்த விரல். ரேஷன் கடையிலும் இதே தொல்லைதான். ஷோரூமில் இருந்த பெண் பொறுமையாக ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, கடைசியில் போட்டோவும் ஆவணமும் எடுத்து முடித்துக் கொடுத்தார். அவருக்கு என் நன்றி. சம்பளத்துக்கு அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, புகாரை மூடச் சொல்லிக் கணக்கு வைத்திருப்பவர்கள் மேல்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் எண் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், நம் பெயரில் எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்று காட்டும். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். அப்பா உயிரோடு இருக்கும்போதே அம்மா எண்ணை அம்மா பெயருக்கு மாற்றினால் இரண்டு கையெழுத்தில் முடிகிற வேலை.

பெயர் மாறும்போது புது சிம் கொடுத்தால் இன்னொரு விதி குறுக்கே வரும். 2024 ஜூலை 1 முதல், சிம்மை மாற்றி ஏழு நாள் ஆகாமல் போர்ட் குறியீடு வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் எண்ணைத் திருட்டுத்தனமாக வேறு சிம்மில் எடுத்து, உடனே வேறு நிறுவனத்துக்கு மாற்றி, பேங்கைத் துடைக்கிறவர்களைத் தடுக்க வந்த விதி. காத்திருப்பதில் தவறில்லை.

எந்த நிறுவனத்துக்குப் போவது என்பதில் நான் விளம்பரத்தையோ யூட்யூப் ஒப்பீட்டையோ பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தியின் போனையும் எதிர்வீட்டுப் பையனின் போனையும் வாங்கி, அம்மாவின் அடுப்படியில் வைத்து, ராத்திரியில் என்னைக் கூப்பிடச் சொன்னேன். நாட்டில் எத்தனை கோடிப் பேர் ஒரு நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்பது அந்த அடுப்படிக்குச் சம்பந்தமில்லாத செய்தி. நிறுவனங்கள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் போட்டிருக்கின்றன, அதையும் பார்க்கலாம். ஆனால் வரைபடத்தில் பச்சையாக இருக்கும் ஊரில் ஓட்டு வீட்டுக்குள் கோடு விழாமல் போவதும் உண்டு. போனையும் பார்க்க வேண்டும். ஜியோ தொடக்கத்திலிருந்தே 4ஜி நிறுவனம், பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம் பேசாது. இதைச் சொல்லாமல் பெரியவர்களுக்கு சிம் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். போய்விட்டால் 90 நாளுக்குத் திரும்பவும் முடியாது. ஆகவே அவசரப்படாமல் சோதித்துவிட்டுத்தான் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும்.

அந்த எஸ்எம்எஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சில காலம் முன்பு, குறைந்த விலை பேக்குகளில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியே இருக்காது. அப்படியென்றால் அந்த பேக்கில் இருப்பவர் 1900க்கு எப்படி அனுப்புவார்? வெளியே போவதற்காகவே கூடுதல் காசு போட்டு ரீசார்ஜ் செய்ய வேண்டும். 2021 டிசம்பரில் ட்ராய் தலையிட்டு, எந்த விலை பேக்காக இருந்தாலும் போர்ட் எஸ்எம்எஸ் போயாக வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டது. உரிமை வந்து பத்து வருஷம் கழித்து இப்படி ஒரு உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது. குறைந்த காசு கொடுக்கிறவருக்குக் கதவு எப்படியெல்லாம் சாத்தப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அம்மா போனிலிருந்து நான் அனுப்பினேன். குறியீடு வந்தது. நம் பகுதிக்கு அது நான்கு நாள் செல்லும். அன்று சாயங்காலமே அழைப்பும் வந்தது. போனை நான்தான் எடுத்தேன். அதுவரை பார்த்தேயிராத விலையில் ஒரு பேக் சொன்னார்கள். அம்மா கட்டிக்கொண்டிருந்ததைவிட நன்றாகவே குறைவு. சிக்னல் சரியாகுமா என்றேன். அது வேறு துறை, நாங்கள் ஆஃபர் மட்டும்தான் சொல்வோம் என்றார்கள்.

இப்படி ஆளுக்கொரு விலை சொல்வது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததல்ல. ஒரே பிரிவு வாடிக்கையாளர்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது, கட்டணம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது ட்ராயின் பழைய கொள்கை. ஆட்களைப் பார்த்துக் கொடுக்கும் சலுகைகளின் விவரத்தைக் கொடுங்கள் என்று ட்ராய் 2018இல் கேட்டபோது நிறுவனங்கள் கொடுக்க மறுத்து வழக்காடின. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், விவரம் கேட்க ட்ராய்க்கு உரிமை உண்டு என்றது. ட்ராய்க்குத் தெரிந்தால் போதுமா? கிளம்புகிறவருக்குத் தர முடிகிற விலையை, இருப்பவர் எல்லோருக்கும் தெரியும்படி போட வேண்டும். அதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

இதோடு இன்னொரு கவலை சேர்ந்துகொள்கிறது. போர்ட் உரிமை வந்த 2011இல் தமிழ்நாட்டில் ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், பிஎஸ்என்எல், ரிலையன்ஸ், டாடா டொகோமோ, ஐடியா என்று வரிசையாக நிறுவனங்கள் இருந்தன. பஸ் ஸ்டாண்ட் வாசலில் வண்ணக் குடை விரித்து சிம்மைச் சும்மாவே கொடுத்தார்கள். இன்று நாடு முழுக்க ஜியோ, ஏர்டெல், வி என்று மூன்று தனியார், அரசுக்கு பிஎஸ்என்எல். ஏர்செல் 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கி, கிராமம் கிராமமாக டவர் வைத்து வளர்ந்த நிறுவனம். 2018 பிப்ரவரியில் அது விழுந்தபோது பார்த்ததை மறக்க முடியாது. சிக்னலே இல்லாத போனிலிருந்து போர்ட் எஸ்எம்எஸ் எப்படிப் போகும்? ஊர் ஊராக ஷோரூம் வாசலில் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். அந்த மாத இறுதியில் திவால் சட்டத்தின் கீழ் நிறுவனம் மனுப் போட்டது. கேட்காமல் வேறு கம்பெனிக்குத் தள்ளப்பட்டவர்கள்தான் அப்போது அதிகம்.

நிறுவனங்கள் குறைந்தால் விலை என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். இன்கமிங் மட்டும் போதும் என்று இருந்தவர்களுக்கு, 2018 கடைசியில் பெரிய தனியார் நிறுவனங்கள் மாதம் 35 ரூபாய் ரீசார்ஜைக் கட்டாயமாக்கின. இப்போது அதே ஆட்கள் கிட்டத்தட்ட 200 ரூபாய் கட்டுகிறார்கள். 2024 ஜூலை 3, 4 தேதிகளில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து விலை ஏற்றின. 28 நாளுக்கான குறைந்தபட்ச பேக் ஜியோவில் 155 ரூபாயிலிருந்து 189, ஏர்டெலிலும் வியிலும் 179லிருந்து 199. மூன்றும் சேர்ந்து ஏற்றினால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில் என்ன லாபம்? அந்த மாதத்தில் மட்டும் பிஎஸ்என்எல் பக்கம் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். ஜனங்களுக்கு வேறு எங்கே போவது என்று இருந்தது அந்த ஒரு கதவுதான். அதனால்தான் பிஎஸ்என்எல் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன், அதில் சிம் இல்லாவிட்டாலும்.

28 நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜ் பதின்மூன்று. 2022இல் ட்ராய் சொன்ன பிறகு 30 நாள் பேக்கும், மாதம்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக்கும் எல்லா நிறுவனமும் வைத்தாக வேண்டும். பட்டன் போன்காரர்கள் பார்க்காத டேட்டாவுக்குக் காசு கொடுத்ததும் அநியாயம்தான். 2024 டிசம்பரில் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கட்டாயம் என்று விதி வந்தது, அடுத்த மாதமே நிறுவனங்கள் அவற்றை வெளியிட்டன. கடைக்காரர் தானாக இதைச் சொல்வது அபூர்வம். கேட்டு வாங்க வேண்டும்.

அம்மாவின் எண் ஒரு ராத்திரியில் புது நிறுவனத்துக்கு மாறியது. பழைய சிம் செத்ததும் எதிர்வீட்டுப் பையன் வந்து புது சிம்மைப் போட்டுக் கொடுத்தான். பழைய பேக்கில் மீதியிருந்த நாட்கள் போயின, பேலன்ஸும் கூட வராது. வேலிடிட்டி முடியச் சில நாள் இருக்கும்போது மாறுவதுதான் கணக்குக்குச் சரி. மறுநாள் அம்மா அடுப்படியிலிருந்து பேசினார். தாளிக்கும் சத்தம் கேட்டது.

மேல்முறையீட்டுக்கு முடிவு வந்துவிட்டது. வாடிக்கையாளர் எங்கள் சேவையில் இப்போது இல்லாததால் முடித்துவைக்கப்படுகிறது என்று இரண்டு வரி. விடப்போவதில்லை. டாக்கெட் நம்பர்கள், தீர்க்கப்பட்டது என்று வந்த எஸ்எம்எஸ்கள் எல்லாம் படமெடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் தெருவில் அதே நிறுவனத்தின் சிம்மோடு இன்னும் பல வீடுகள் இருக்கின்றன. அவர்களில் கையெழுத்துப் போடச் சம்மதித்தவர்களோடு சேர்ந்து திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம்.

பழைய நிறுவனத்திலிருந்து அம்மாவுக்கு இன்னமும் அழைப்பு வருகிறது, திரும்பி வந்தால் இன்ன விலைக்குத் தருகிறோம் என்று. போன வாரம் வந்தபோது அம்மாவே எடுத்துப் பேசியிருக்கிறார். "வெலையெல்லாம் இருக்கட்டும்ப்பா, எங்க ஊருல டவரச் சரி பண்ணீட்டீங்களா? மொதல்ல அதச் சொல்லு" என்று கேட்டாராம்.